நம் வீடுகளும் ரேடான் வாயுவும்

(ஆலந்தலையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தைத் தந்து, நாற்காலிகளும் போட்டு, தேநீருக்கும் ஏற்பாடு செய்திருக்கிற இவ்வூர்ப் பங்குத்தந்தை அவர்களுக்கு முதலாவது நன்றி. சாப்ளின் பேச வந்தால் ஒரு வசனத்தை எடுத்து மூன்று பாகமாகப் பிரித்துப் பிரசங்கம் பண்ணுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று அப்படியில்லை. செமினரியில் எனக்கு எபிரெயமும் கிரேக்கும் கற்றுக்கொடுத்தார்கள், பௌதிகம் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் வார்டில் என்னிடம் கேட்கப்படுகிற ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போய், வாசித்தும் விசாரித்தும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். எங்கள் டாக்டர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே கொண்டு வந்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் ஒரு தாயார் கேட்கிறார்: “ஐயா, நான் பீடி சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. எனக்கு எப்படி வந்தது?” பக்கத்தில் நிற்கிற உறவினர் அதற்கு உடனே பதில் சொல்லிவிடுவார்: “எல்லாம் நம்ம கடற்கரை மணல்தான் ஐயா. அதில் கதிர்வீச்சு இருக்குதாம்.” இப்போது வேறொரு திசையிலிருந்தும் கேள்வி வருகிறது. நம் பிள்ளைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்து போன் பண்ணி, “இங்கே வீட்டில் ரேடான் பார்க்கச் சொல்கிறார்கள், ஊரில் நீங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்கிறார்கள். மணலைப் பற்றிய பயமும் ரேடானைப் பற்றிய கேள்வியும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. ஆனால் இரண்டுக்கும் ஒரே பதில் இல்லை.

மண்ணிலும் பாறையிலும் யுரேனியம் மிகச் சிறிய அளவில் எங்கும் உண்டு. அது கோடிக்கணக்கான வருஷங்களாகத் தானாகச் சிதைந்து வேறு வேறு பொருளாக மாறுகிறது. அந்த வரிசையில் ரேடியம் வரும். ரேடியத்திலிருந்து ரேடான் வரும். மற்றவை திடப்பொருள், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். ரேடான் மாத்திரம் வாயு. அதனால் அது மண்ணின் இடுக்குகள் வழியாக மேலே ஏறி வருகிறது. நிறமில்லை, வாசனையில்லை, ருசியில்லை. வெளியே வந்தால் காற்றில் கலந்து போய்விடும். வீட்டுக்குள் வந்தால் தேங்கும். அதன் அளவு பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும். ஒரு மூடிய அறையை நிரப்ப அது போதுமான காலம்.

ரேடானுக்கு ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் தோரான். அது யுரேனியத்திலிருந்து வருவதல்ல, தோரியத்திலிருந்து வருவது. அதன் ஆயுளோ மிகக் குறுகியது: 56 விநாடிக்குள் பாதி மறைந்துபோகும். சங்கு குளிக்கிறவர் ஒரு மூச்சில் மூழ்கி எழும்புகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஆழத்து மண்ணில் பிறக்கும் தோரான் வீட்டுக்குள் வந்து சேருமுன் தீர்ந்துவிடும். சுவரிலும் தரையிலும் மேலாக இருக்கிற தோரியம்தான் அறைக்குள் தோரானை விடும்.

இந்த தோரியத்துக்கும் நம் தென்கடற்கரைக்கும் பழைய உறவு. உங்களில் வயது சென்றவர்களுக்கு பெட்ரோமாக்ஸ் விளக்கு ஞாபகம் இருக்கும். சப்பரத்துக்கு முன்னும் கலியாண வீட்டிலும் ஏற்றினோமே, அதன் மேன்டில் அவ்வளவு வெள்ளையாக ஜொலித்ததற்குக் காரணம் தோரியம். ஐரோப்பாவில் காஸ் விளக்குகளுக்கு மேன்டில் செய்ய தோரியத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். அவர் 1909இல் மணவாளக்குறிச்சியில் அந்த மணலைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில்தான் தோரியம் இருக்கிறது. இந்திய அருமண் நிறுவனம் 1950இல் ஆரம்பிக்கப்பட்டு, இன்றும் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் மணலைப் பிரித்தெடுத்து வருகிறது.

நம் திருச்செந்தூர், மணப்பாடு, பெரியதாழைப் பக்கத்துக் கரையிலும் கருமணல் உண்டு, தேரியில் செம்மணலும் உண்டு. கறுப்பாக மினுங்குவதில் பெரும்பகுதி இல்மனைட், கரையில் சிவப்பாக மினுங்குவது கார்னெட். இவை தோரியக் கனிமங்கள் அல்ல. மோனசைட் அவற்றோடு கலந்து வருகிறது, ஆனால் மணவாளக்குறிச்சியைப் போலச் செறிவாக அல்ல. “கறுப்பாக இருந்தால் கதிர்வீச்சு” என்பது சரியான கணக்கு ஆகாது. தாது மணல் அள்ளுவதைப் பற்றி நம் ஊர்களில் எவ்வளவு சண்டை நடந்தது, 2013இல் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததே. கரை அரிப்பு, நிலத்தடி நீர், மீன்பாடு என்று அதற்கு வேறு நியாயங்கள் உண்டு. அந்த வழக்கை இந்த வாயுவின் தலையில் ஏற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கூடங்குளத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். அணு உலை வருவதற்கு முன்னும் மண்ணிலிருந்து ரேடான் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியானால் மணலால் புற்றுநோய் வருகிறதா இல்லையா? இதை ஆராய்வதற்கு உலகத்திலேயே தகுந்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கிறது: கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளித் தாலுகா. அங்கே கடற்கரை மணலில் மோனசைட் மிக அதிகம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990இல் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு ஒன்றைத் தொடங்கி, வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சை அளந்து, 30 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷங்களுக்கு மேல் கவனித்து வந்தது. அவர்களில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு அதிகமான வீட்டில் இருந்தவர்களுக்கு அது கூடுதலாக வந்ததா என்று கணக்குப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். அப்படிக் கூடுதலாக வந்ததாகத் தெரியவில்லை.

நான் இதை வாசித்தபோது, மணலைக் குற்றஞ்சாட்டி நம் மக்கள் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆராய்ச்சி முக்கியமாக, மணலிலிருந்து நேரே உடம்பின்மேல் படுகிற காமாக் கதிரைப் பற்றியது. மூச்சோடு உள்ளே போகும் ரேடான் வேறு காரியம். மணல் நிறைந்த அந்தக் கரையில் ரேடான் பெரிதாகத் தேங்காததற்குக் காரணம் வீடுகளின் அமைப்பு. நம் பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஓலைக்கூரை, அல்லது ஓட்டுக்கூரை. சுவருக்கும் கூரைக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி. கதவைச் சாத்தினாலும் கடற்காற்று உள்ளே வந்து போகும். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று நாம் குறைபட்ட அதே இடைவெளிதான் அந்த வாயுவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது நம் பிள்ளைகள் இருக்கிற வீடு அப்படியல்ல. தூத்துக்குடியிலும் சென்னையிலும் அடுக்குமாடி. கொசு வருகிறது, தூசி வருகிறது என்று சன்னல் அடைப்பு, இரவெல்லாம் ஏ.சி. நம் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. வெளிநாட்டிலோ ஆறு மாதம் குளிர், வீடே டப்பா மாதிரி அடைத்திருக்கும்.

மூடிய வீட்டில் என்ன நடக்கக்கூடும் என்பதை உலகம் அறிந்தது ஒரு வினோதமான சம்பவத்தால். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்டி முடிந்துகொண்டிருந்தது. ஊழியர்களின் மேல் கதிரியக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வாசலில் ஒரு கருவி. 1984 டிசம்பரில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற என்ஜினியர் வரும்போதெல்லாம் அது அலறியது. நிலையத்தில் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் நிலையத்துக்குள் போகுமுன்னே, வீட்டிலிருந்து வந்தவுடனே மணி அடித்தது! வீட்டைச் சோதித்தார்கள். அந்நாட்டு அரசு இன்று எச்சரிக்கை எல்லையாக வைத்திருக்கிற அளவைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு ரேடான் அந்த வீட்டில் இருந்தது. குடும்பம் வெளியேறி, வீட்டைச் சரிசெய்து, பிறகு அதே வீட்டுக்குத் திரும்பி வந்து குடியிருந்தார்கள். சரிசெய்யக்கூடிய காரியம் என்பதற்காகவே இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்கிறேன்.

ரேடானை நாம் மூச்சில் இழுத்தால் பெரும்பாலும் திரும்ப வெளியே விட்டுவிடுகிறோம். தீங்கு செய்வது அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் முதலான திடத் துகள்கள். அவை தூசியிலும் புகையிலும் ஒட்டிக்கொண்டு நுரையீரலின் உட்சுவரில் படிந்து, அங்கேயே ஆல்பாக் கதிரை வீசும். ஜெர்மனியில் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளரின் நெஞ்சுநோய் நுரையீரல் புற்று என்று 1879இலேயே இரண்டு வைத்தியர்கள் எழுதினார்கள். 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, ரேடான் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது.

எவ்வளவு என்பதைச் சொல்லாமல் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. ஆகையால் கொஞ்சம் கணக்கு. ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு விநாடிக்கு ஒரு அணு சிதைந்தால் அதை ஒரு பெக்கரல் என்கிறார்கள். உலகத்து வீடுகளில் சராசரி 40 பெக்கரல் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது: கூடுமானால் 100க்குக் கீழே வையுங்கள், முடியாவிட்டால் 300ஐத் தாண்ட விடாதீர்கள். கனடாவின் எல்லை 200. ஐரோப்பாவில் பதின்மூன்று ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2005இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாழ்நாளில் புகைபிடிக்காத ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ரேடானே இல்லாவிட்டாலும் 75 வயதுக்குள் நாலு பேர் நுரையீரல் புற்றால் மரிப்பார்கள். 100 பெக்கரலில் ஐந்து பேர். 400 பெக்கரலில் ஏழு பேர். இனி தொடர்ந்து சிகரெட் குடிக்கிற ஆயிரம் பேர். ரேடான் இல்லாமலே நூறு பேர். 100 பெக்கரலில் ஏறக்குறைய 120. 400இல் 160.

இந்த எண்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு, “ரேடான் கருவி எங்கே கிடைக்கும்?” என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? முதலில் பீடியை விடச் சொல்வேன். அதற்குக் கருவி வேண்டாம், செலவும் மிச்சம். ஆனால் புகைபிடிக்காத அந்தத் தாயாரின் கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. புகைபிடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும். ரேடான் அதற்கு ஒரு காரணம், விறகடுப்புப் புகை இன்னொன்று, மற்றவர் விட்ட புகை இன்னொன்று. ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று எந்த டாக்டராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அவர் கட்டிலண்டையில் நான் அதைத்தான் சொல்லுகிறேன். அவருடைய பாவத்தினால் வந்தது என்று சொல்ல யாருக்கும் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறேன், ஏனென்றால் அப்படிச் சொல்லுகிறவர்களும் வார்டுக்கு வருகிறார்கள்.

இன்னொன்று. ரேடானால் இருமல் வராது, தலைவலி வராது, அந்தச் சமயத்தில் ஒன்றுமே தெரியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் மணலையும் வாயுவையும் நினைத்துக்கொண்டு இராமல் சளிப் பரிசோதனைக்கு வாருங்கள். காச நோயாக இருக்கலாம், அதற்கு மருந்து இருக்கிறது.

சோதிப்பது எப்படி? ரேடான் இருக்கிறதா என்பதை அளந்துதான் அறியவேண்டும், பக்கத்து வீட்டை வைத்து யூகிக்க முடியாது. எளிதான முறை ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு. சி.ஆர்.-39 என்கிற அந்தப் பிளாஸ்டிக்கில்தான் மூக்குக்கண்ணாடி வில்லையும் செய்கிறார்கள். நான் இப்போது போட்டிருப்பதும் அதுவாக இருக்கலாம். ஆல்பாக் கதிர் பட்டால் அதில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு விழும். மூன்று மாதம் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், காரக் கரைசலில் ஊறவைத்துத் தழும்புகளை நுண்ணோக்கியில் எண்ணி அளவு சொல்வார்கள். நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பல பல்கலைக்கழகங்களும் எல்.ஆர்.-115 என்ற படச்சுருளை இரண்டு அறை உள்ள கிண்ணத்தில் வைத்து, ரேடானையும் தோரானையும் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளில் பதில் தரும் கரி டப்பாவும், எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும் மின்கருவியும் உண்டு. ரேடான் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஏறி இறங்கும். ஆகையால் நீண்ட நாள் அளவையே நம்ப வேண்டும்.

டப்பாவை வைக்கும் இடம் முக்கியம். குடியிருக்கிற தளங்களில் தாழ்ந்த தளத்தில், படுக்கையறையிலோ கூடத்திலோ, உட்கார்ந்தால் மூக்கு இருக்கும் உயரத்தில் வையுங்கள். சமையலறையில், குளியலறையில், சன்னலோரத்தில் வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள், சுவரிலிருந்து வரும் தோரான் கணக்கைக் குழப்பும். பிறகு அதை மறந்துவிடுங்கள். “சோதனை நடக்கிறது” என்று வழக்கத்துக்கு மாறாகச் சன்னலைத் திறந்து வைத்தால் நமக்கு நாமே பொய்ச்சாட்சி சொல்லிக்கொண்டதாகும்.

அடுக்குமாடியில் ஒரு வீட்டின் அளவு அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் வகுத்திருக்கிற முறைப்படி, தரையைத் தொட்டிருக்கிற வீடுகள் எல்லாவற்றையும், மேல் தளங்களில் பத்தில் ஒரு வீட்டையாவது சோதிக்க வேண்டும். சாதாரணமாக மாடி ஏற ஏற ரேடான் குறையும். ஆனால் லிப்ட் குழி, குழாய்ப் பாதை, மாடிப்படிக் கூண்டு இவை புகைபோக்கி மாதிரி. கீழேயிருந்து காற்றை மேலே இழுத்துச் செல்லும். சுவரும் கல்லும் தருகிற பங்கு எந்த மாடியானாலும் இருக்கும். ஒரு நல்ல செய்தி: நம் ஊர்களில் இப்போது கட்டுகிற அடுக்குமாடிகளில் பல, கீழே கார் நிறுத்தத் தூண்களின்மேல் திறந்தவெளியாக நிற்கின்றன. மண்ணிலிருந்து வரும் வாயு அங்கேயே காற்றோடு போய்விடும். ரேடானை நினைத்து யாரும் அப்படிக் கட்டவில்லை, காருக்காகக் கட்டினார்கள், ஆனாலும் பலன் கிடைக்கிறது. கவனிக்க வேண்டியவை தரைத்தளத்து வீடுகள், பூமிக்குள் இருக்கும் பேஸ்மென்ட் அறைகள்.

“கிரானைட் தரை போட்டிருக்கிறோமே ஐயா?” என்று ஒரு அம்மா போன மாதம் கேட்டார். கிரானைட்டில் யுரேனியம் மற்றக் கற்களைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் மெருகிட்ட கல் வாயுவை எளிதில் விடாது. பெயர்த்தெடுக்க வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கலைப் பற்றியும் கேட்கிறார்கள். நிலக்கரி எரியும்போது அதிலுள்ள ரேடியம் சாம்பலில் சேரும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சாம்பல் துகள் கண்ணாடி போல் உருகி இறுகியது. ரேடான் அதற்குள்ளேயே பெரும்பாலும் அடைபட்டுவிடும். கடற்கரைக் கருமணலை அள்ளிப் பூச்சுக்குக் கலப்பது மட்டும் வேண்டாம். உப்பு கம்பியைத் தின்னும், அதோடு தோரியத்தைச் சுவரில் பூசிக்கொள்வானேன்?

அளவு அதிகம் என்று வந்துவிட்டால்? தரை விரிசல், குழாய் நுழையும் துவாரம், கிணற்றுக் குழி மூடி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைப்பது மட்டும் போதாது, வாயு வேறு வழி தேடும். நிச்சயமான முறை, தளத்தைத் துளைத்து அடியில் ஒரு குழாய் இறக்கி, ஒரு சிறிய விசிறியால் மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விட்டுவிடுவது. தளத்துக்கு அடியில் அழுத்தம் குறைந்தால் வாயு வீட்டுக்குள் ஏறாது. வாட்ராஸ் வீட்டுக்குப் பிறகு உலகம் முழுவதும் கைக்கொள்ளப்படுவது இதுதான். சுவரிலிருந்து வருவதற்குப் பூச்சும் வர்ணமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றோட்டமும் வேண்டும். வெளியே தள்ளும் விசிறியை மட்டும் போட்டு, காற்று உள்ளே வர வழி வைக்காவிட்டால் அது மண்ணிலிருந்தே காற்றை இழுக்கும். எதிரெதிராக இரண்டு திறப்பு வேண்டும். அடுக்குமாடியில் தளத்தைத் துளைக்க ஒரு வீட்டுக்காரரால் ஆகாது. அசோசியேஷன் கூடித் தீர்மானிக்க வேண்டும். தண்ணீர் மோட்டார் பழுதுக்கே எத்தனை கூட்டம் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்! மேல்மாடிக்காரர், “எனக்கென்ன?” என்பார். அவரிடம் லிப்ட் குழியைக் காட்டுங்கள்.

டொராண்டோவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எழுதி அனுப்புங்கள். அங்கே புதிதாகப் போகிற தமிழர் பலர் வாடகை குறைவு என்று ஸ்கார்பரோ போன்ற இடங்களில் பேஸ்மென்ட் வீடுகளில்தான் முதல் சில வருஷம் இருக்கிறார்கள். மண்ணுக்கு மிகப் பக்கத்தில், சன்னல் குறைந்த இடத்தில், குளிர்காலம் முழுவதும். கனடா அரசு 2012இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், மக்களில் ஏறக்குறைய 7 சதவீதம் பேர் 200 பெக்கரலைத் தாண்டிய வீடுகளில் இருப்பதாகத் தெரிந்தது. அந்நாட்டில் நுரையீரல் புற்று மரணங்களில் ஏறக்குறைய 16 சதவீதம் ரேடானால் என்று அந்த அரசே மதிப்பிட்டிருக்கிறது. அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், வீடு அடைத்திருக்கும் காலத்தில், மூன்று மாதம் அளக்கச் சொல்கிறார்கள். வாடகைக்காரரும் டப்பா வாங்கி வைக்கலாம். வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே என்று நம் பிள்ளைகள் தயங்குவார்கள், அதை நான் அறிவேன். ஆய்வுக்கூடத்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கொடுத்த காணிக்கையால் எழும்புகிற செவிலியர் குடியிருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று தளம், தரைத்தளத்திலும் அறைகள் உண்டு. இரவு வேலை முடிந்து பகலில் ஏ.சி. போட்டு, சன்னலை அடைத்துத் தூங்கப் போகிற பெண்பிள்ளைகள் அதில் இருப்பார்கள். படத்தில் முதலில் சுவரின் மேல்பக்கத்துக் காற்றுப்பலகணி இல்லை, அழகு கெடும் என்றார்கள். இப்போது ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிராக இரண்டு வைத்திருக்கிறது. தரைத்தளத்துக்கு அடியில் ஜல்லிப் பரப்பும், அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பும், ஒரு குழாயும் இப்போதே போட்டு வைக்கிறோம். குழாயின் வாயை மூடி வைப்போம். தேவைப்பட்டால் மாத்திரம் விசிறி பொருத்துவோம். கட்டி முடிந்த வீட்டைத் துளைப்பதைவிட இது சொற்பச் செலவு. குடியேறிய பிறகு தரைத்தளத்து அறைகள் எல்லாவற்றிலும், மேலே ஒவ்வொரு தளத்திலும் ஓர் அறையிலும் டப்பா வைக்கப்படும். வருகிற எண் எதுவானாலும், கூடினாலும் குறைந்தாலும், இந்த மடலில் அப்படியே அச்சாகும். தேநீர் ஆறுகிறது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.